பிளஸ் ஒன் சூத்திரம் ஒன்று திருமுடிவாக்கம் வரை போன கதை

(நீளமான பதிவு. மின்சார ரயிலில் தாம்பரத்தில் ஏறிப் பீச் போகிறவர்கள் எழும்பூர் வருவதற்குள் படித்து முடித்துவிடலாம்.)

முப்பத்து மூன்று வருடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். தனிச்சீரிசை இயக்கம் என்ற பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருவன் எழுந்து, "சார், இது எதுக்கு சார்? வாழ்க்கையில எங்க வரப்போகுது?" என்று கேட்பான். ஊசல், சுருள்வில், இசைக்கவை என்று நானும் ஏதாவது சொல்வேன். கேட்டவன் தலையாட்டிவிட்டு உட்காருவான். அவன் திருப்தியடையவில்லை என்பது முகத்திலேயே தெரியும்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் சென்ற வருடம் என் வீட்டுக்கு வந்தார். படிக்கிற காலத்தில் "டேய்" என்று கூப்பிட்ட பையன். இன்று நாற்பத்தைந்து வயது, காதோரம் நரை. டிப்ளமோ முடித்து, கிண்டியிலும் அம்பத்தூரிலும் பத்து வருடம் வேலை பார்த்து, திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் சொந்தமாக ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு வி.எம்.சி. மெஷின், ஒரு சி.என்.சி. லேத், எட்டுப் பேர் வேலை. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே எழுதுகிறேன்.

பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பத்து மில்லிமீட்டர் கனத்தில் ஏழெட்டு எண்ட் மில் கட்டர்கள். எல்லாவற்றின் விளிம்பும் பொரிந்து போயிருந்தது. இரண்டு பாதியிலேயே ஒடிந்திருந்தன.

"டைட்டானியம் சார். பத்து நாள்ல இவ்வளவு போச்சு" என்றார்.

பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து கைமாறி வந்த ஆர்டர் அது. விமானத்துக்குப் போகும் சின்ன பிராக்கெட் ஒன்று, மெல்லிய சுவர் கொண்ட பெட்டி மாதிரியான பாகம் ஒன்று. ஒழுங்காகச் செய்து கொடுத்தால் அடுத்தடுத்து வரும். தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019இல் தொடங்கிவைத்தார்களே, சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என ஐந்து முனைகள், அதன் பிறகு நம் பக்கத்துச் சின்னப் பட்டறைகளுக்கும் இப்படி விமான வேலை வரும் என்ற ஆசை பிறந்திருக்கிறது. கார் உதிரிபாகங்களையே நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய ஆசை.

ஆர்டரைக் காப்பாற்ற வழி என்று ஒருவர் கொண்டுவந்து கொடுத்த விளம்பரப் புத்தகத்தையும் காட்டினார். அல்ட்ராசோனிக் ஹோல்டர். கட்டரைப் பிடிக்கும் ஹோல்டருக்குள்ளேயே அதிர்வைக் கிளப்பும் கருவி. அதை மாட்டினால் கடினமான உலோகமும் வெண்ணெய் மாதிரி வெட்டும் என்று போட்டிருந்தது. விலை, தம்பியின் பட்டறைக்குப் பெரிய விலை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தால்தான் முடியும். வீடு மனைவி பேரில்.

"நீங்கதான் சார் அதிர்வு, அலைவு எல்லாம் நடத்தினீங்க. இது நெஜமா, சும்மாவா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

உடனே சொல்லக்கூடிய விஷயமா இது? மெஷினைப் பார்க்காமல் நான் பேச மாட்டேன் என்றேன். மறுநாள் அவருடைய வண்டியிலேயே போனோம்.

முதலில் டைட்டானியம் ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

டைட்டானியம் வைரம் மாதிரிக் கடினமானது என்று பலர் நினைக்கிறார்கள். கடினமாக்கிய எஃகு அதைவிடக் கடினம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விமானத்துக்குப் பயன்படுவது பெரும்பாலும் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியம். அதன் வெப்பக் கடத்துத்திறன் ஏறக்குறைய 7. சாதாரண எஃகுக்கு 50 பக்கம். தூய அலுமினியத்துக்கு 200க்கும் மேல். இரும்புக் கரண்டியை அடுப்பில் விட்டால் கைப்பிடி வரை சுடும். மரப்பிடி போட்ட கரண்டியில் பிடி சுடாது. அந்த மரப்பிடி மாதிரிதான் டைட்டானியம். வெட்டும்போது பிறக்கும் சூடு வெட்டுகிற கட்டிக்குள்ளும் சீக்கிரம் போகாது, சீவி விழும் சுருளோடும் அதிகம் போகாது. பெரும்பகுதி கட்டரின் நுனியிலேயே தங்கிவிடும்.

சூடு ஏறினால் அடுத்த குணம் தலைகாட்டும். பலாப்பழம் அறுக்கும்போது கத்தியில் பால் ஒட்டுமே, அப்படிச் சூடான டைட்டானியம் கட்டர் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். பிய்ந்து போகும்போது விளிம்பில் கொஞ்சத்தையும் கூட்டிக்கொண்டு போகும். மூன்றாவதாக, எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வளையும் குணம். மெல்லிய சுவரைக் கட்டர் தொட்டால் சுவர் விலகி நிற்கும், கட்டர் நகர்ந்ததும் திரும்பி வந்து அதன் முதுகில் உரசும். பட்டறையில் மெஷின் பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி ஒன்று வைத்திருந்தார்கள். டைட்டானியத்தின் பொடிச் சீவல் சூட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மணல்தான் போட வேண்டும்.

பட்டறையில் இன்னொருவரைச் சந்தித்தேன். தம்பி "அண்ணே" என்று கூப்பிடும் மூத்த மெஷினிஸ்ட். ஐம்பத்தெட்டு வயது, ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர். சி.என்.சி. வருவதற்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர். ஸ்க்ரீனில் நம்பர் ஓடிக்கொண்டிருக்கும், அவர் அதைப் பார்க்கவே மாட்டார். தலையைச் சாய்த்து நின்று சத்தத்தைக் கேட்பார். "கத்துது பாருங்க. இன்னும் நாலு பீஸ்ல போயிடும்" என்றார். மூன்றாவது பீஸில் போய்விட்டது.

அவர் "கத்துது" என்று சொன்னதற்குப் பட்டறைப் பெயர் சேட்டர். வெட்டும்போது கட்டர் கொஞ்சம் வளைந்து விடுபடும். விடுபட்ட ஆட்டம் உலோகத்தின் மேல் அலை அலையாகத் தழும்பை விட்டுச் செல்லும். அடுத்த பல் அந்தத் தழும்பின் மேல் ஏறும்போது இன்னும் அதிகமாக ஆடும். ஆட்டம் ஆட்டத்தை வளர்க்கும். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் உலோகம் வெட்டும் கலை பற்றி 1906இல் பெரிய ஆய்வை வெளியிட்டபோதே இதை ஒரு தீராத தலைவலியாகக் குறிப்பிட்டிருக்கிறார். உலகத்தில் உள்ள மெஷினிஸ்ட் எல்லோரும் நூறு வருடத்துக்கு மேலாக அதிர்வோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மெஷின் அடிப்பாகத்தைக் கனமான வார்ப்பிரும்பில் செய்வதே பாதி இதற்காகத்தான்.

அதனால்தான் அந்த விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து அண்ணனுக்குக் கோபம். "நாப்பது வருஷமா அதிர்வை நிறுத்தத்தான் சார் கத்துக்கிட்டேன். இப்ப காசு குடுத்து அதிர்வு வாங்கணுமாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தம்பி ஆபீஸ் ரூமுக்குள் போனதும், குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "அது சத்தமே கேக்காதாமே சார். சத்தம் கேக்கலன்னா எனக்கு இங்க என்ன வேலை?"

நியாயமான பயம்தான். பதில் சொல்ல எனக்குச் சில நாட்கள் தேவைப்பட்டன.

அதிர்வைச் சேர்த்து வெட்டுவது புதிய கண்டுபிடிப்பு இல்லை. திரிசூலம், பல்லாவரம் பக்கம் கல்குவாரிகள் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையில் துளை போடக் கம்பியை அடிப்பார்கள், கொஞ்சம் திருப்புவார்கள், மறுபடி அடிப்பார்கள். அழுத்திக்கொண்டே திருகினால் நாள் முழுக்க ஒன்றும் நடக்காது. ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கண்டெடுத்த ஆதிமனிதனின் கற்கோடாரியும் இப்படித் தட்டித் தட்டி விளிம்பு எடுத்ததுதான். கல்லும் கான்கிரீட்டும் நொறுங்கும் பொருள், தட்டினால் உடையும். உலோகம் நொறுங்காது. அதற்கு அதிர்வு எப்படி உதவும்?

இதற்கு 1950களிலிருந்து பல வருடம் உழைத்து விடை தேடியவர் ஜப்பானியப் பேராசிரியர் ஜுனிச்சிரோ குமாபே. அவர் பிடித்த விஷயம் எளிமையானது. வெட்டும் கருவியை வெட்டுகிற திசையிலேயே மிக வேகமாக முன்னும் பின்னும் ஆட்டினால், ஒவ்வொரு ஆட்டத்திலும் அது உலோகத்தைக் கொஞ்சம் வெட்டும், பிறகு விலகும். விலகியிருக்கும் நொடித்துணுக்கில் வெட்டு கிடையாது, உரசலும் கிடையாது. நுனி கொஞ்சம் ஆறும். கூலன்ட் உள்ளே புக இடம் கிடைக்கும். ஒட்டிக்கொள்ளத் தொடர்ந்த தொடர்பு இருக்காது. சராசரி விசை குறையும். பலன் வருவது இடிப்பதால் இல்லை, இடைவெளியால்.

பிறகு 1990களில் கோபே பல்கலைக்கழகத்தில் ஷமோட்டோ, மொரிவாக்கி என்ற இருவர் கருவியின் நுனியை நேர்கோட்டில் ஆட்டாமல் நீள்வட்டமாக ஓடவிட்டார்கள். நுனி வெட்டிவிட்டு, சீவலை மேலே தூக்கிவிட்டு விலகும். எஃகை வைரக் கருவியால் வெட்டினால் வைரம் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஏனென்றால் வைரத்தின் கார்பன் சூட்டில் இரும்புக்குள் போய்விடும். இந்த முறையில் கடின எஃகையே வைரத்தால் கண்ணாடி மாதிரி வெட்ட முடிந்தது. ஆக, விஷயம் நிஜம். பித்தலாட்டம் இல்லை.

என் வயது நண்பர்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பல் டாக்டர் காரையை எடுக்கிறாரே, கொய்ங் என்று ஒரு கருவி, அது மீயொலி அதிர்வுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்கக் கண் டாக்டருக்கு யோசனை வந்தது. பல்லை ஆட்டாமல் காரையை மட்டும் எடுக்கிறதே, கண்புரையையும் இப்படி எடுத்தால் என்ன என்று. 1967இல் முறையை அறிவித்தார். இன்று நம்மில் பாதிப் பேர் சின்னத் துளை வழியாகப் புரை எடுத்துக்கொண்டு சாயந்திரமே வீட்டுக்கு வருவது அதனால்தான். பல்லிலும் கண்ணிலும் நடப்பது ஹோல்டருக்குள்ளும் நடக்கிறது. மின்சாரம் கொடுத்தால் நீண்டு சுருங்கும் பீங்கான் வில்லைகள் உள்ளே இருக்கும். அழுத்த மின்விளைவு என்று படித்தோமே, கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டது, அதன் மறுபக்கம். வில்லையின் ஆட்டம் மிகச் சிறியது. குறுகிக்கொண்டே போகும் ஓர் உலோகக் கொம்பு ஒத்ததிர்வில் அதைப் பெருக்கிக் கட்டர் நுனிக்குக் கொண்டுபோகும். நொடிக்கு 20,000 ஆட்டம் என்பது சாதாரணம்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். சாப்பாட்டு மேஜையில் பேரனின் நோட்டை வாங்கி, ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். "தனிச்சீரிசை இயக்கத்துல ஒரு பொருளோட அதிகபட்ச வேகம் என்ன? சொல்லு" என்றேன்.

முப்பது வருடத்துக்கு முந்தைய முகம் ஒரு கணம் திரும்பி வந்தது. விழித்தார். பிறகு மெதுவாக, "வீச்சு இன்ட்டு கோண அதிர்வெண்... ஏ ஒமேகா" என்றார். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

கணக்கு இதுதான். கருவி உலோகத்தை விட்டு விலக வேண்டுமானால், பின்னால் போகும்போது அதன் ஆட்ட வேகம் வெட்டு வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். முன்னால் நடக்கிற கூட்டத்தில் பின்னோக்கி நடப்பது மாதிரி. கூட்டத்தின் வேகத்துக்குக் குறைவாகப் பின்னால் நடந்தால், முன்னால்தான் போய்க்கொண்டிருப்போம். ஆட்டத்தின் அதிகபட்ச வேகம், 2 × 3.14 × அதிர்வெண் × வீச்சு.

விளம்பரப் புத்தகத்தில் அதிர்வெண் 20,000 என்றும், அதிர்வு 10 மைக்ரான் என்றும் போட்டிருந்தது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி சுமார் 70 மைக்ரான் கனம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1.256 மீட்டர், நிமிடத்துக்குச் சுமார் 75 மீட்டர்.

தம்பியின் பட்டறையில் பத்து மில்லிமீட்டர் கட்டர் நிமிடத்துக்குச் சுமார் 1,600 சுற்று ஓடுகிறது. விளிம்பின் வேகம் நிமிடத்துக்கு 50 மீட்டர். 75, 50ஐவிட அதிகம். கட்டர் விலகும். வேலை நடக்கும்.

தம்பியின் முகம் மலர்ந்தது. "அப்ப வாங்கிடலாமா சார்?"

"இரு. அந்த 10 மைக்ரான் வீச்சா, இல்ல இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்குமா?"

இந்தக் கேள்வியை நான் பரீட்சையில் ஏறக்குறைய எல்லா வருடமும் கேட்டிருக்கிறேன். வீச்சு என்பது நடுநிலையிலிருந்து ஒரு கோடி வரை. மொத்தப் பாதை அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு மதிப்பெண் வினா. பாதிப் பேர் தவறவிடுவார்கள். தம்பி அங்கேயே போனைப் போட்டு விற்பனைக்காரரைக் கேட்டார். அவர் நல்ல மனிதர், யாரையோ விசாரித்து அரை மணி நேரத்தில் சொன்னார். முனையிலிருந்து முனை வரை.

அப்படியானால் வீச்சு 5 மைக்ரான்தான். வேகம் பாதியாகிவிடும். நிமிடத்துக்கு 37.7 மீட்டர். கட்டரின் வேகமோ 50. அதாவது கட்டர் ஆடும், ஆனால் உலோகத்தை விட்டு விலகவே விலகாது. எந்த இடைவெளிக்காக இவ்வளவு பணம் கொடுக்கிறோமோ அந்த இடைவெளி கிடைக்காது. கட்டரை 30 மீட்டர் வேகத்துக்கு இறக்கினால் கிடைக்கும். ஆனால் ஒரு பீஸுக்கு ஆகும் நேரம் ஏறிவிடும். கட்டரில் மிச்சம் பிடித்து மெஷின் நேரத்தில் விடுவதா?

தம்பி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மார்க் கேள்வி சார் இது" என்றார்.

இதோடு முடியவில்லை. இரண்டாவது கேள்வி திசை. மேலே போட்ட கணக்கு, வெட்டுகிற திசையிலேயே ஆட்டம் இருந்தால்தான் பொருந்தும். லேத்தில் கருவி ஒரே திசையில் நிற்பதால் அப்படி ஆட்டலாம். மில்லிங்கில் கட்டர் சுழல்கிறது, வெட்டும் திசை ஒவ்வொரு கணமும் மாறுகிறது. அதனால் ஹோல்டர்கள் பெரும்பாலும் கட்டரை அதன் அச்சு வழியாக, மேலும் கீழுமாக ஆட்டுகின்றன. சிலவற்றில் கொஞ்சம் முறுக்கும் சேர்ந்திருக்கும். மேலும் கீழும் ஆடினால் பக்கவாட்டு விளிம்பு உலோகத்தை விட்டு விலகாது. வேறு ஒன்று நடக்கும். தக்காளியைக் கத்தியால் அழுத்தினால் நசுங்கும். இழுத்து அறுத்தால் சுத்தமாக விழும். அந்த இழுப்பு கிடைக்கும். கட்டரின் அடிப்பக்கம் தொடும் தரையில் மட்டும் தொட்டு விலகும் வேலை நடக்கும். அதனால் பலனே இல்லை என்று சொல்ல முடியாது, பிசிறு குறையலாம், தரை பளபளக்கலாம். ஆனால் அது புத்தகத்தில் போட்ட வெண்ணெய் இல்லை.

மூன்றாவது, ஒத்ததிர்வு. கொம்பும் கட்டரும் சேர்ந்துதான் அந்த அதிர்வெண்ணுக்குச் சுருதி கூட்டப்பட்டிருக்கும். கட்டரின் நீளத்தையோ எடையையோ மாற்றினால் சுருதி மாறும். தம்புராவில் பிருடை நழுவினால் என்ன ஆகும்? அதே கதைதான். நல்ல கருவிகள் தாங்களே தேடிச் சுருதி பிடித்துக்கொள்ளும், ஆனாலும் எல்லாக் கட்டருக்கும் ஒரே ஆட்டம் வராது. காற்றில் சும்மா ஆடும்போது அளந்த மைக்ரான் ஒன்று, உலோகத்தில் அழுந்தியிருக்கும்போது வரும் மைக்ரான் இன்னொன்று.

இதெல்லாம் காகிதத்தில் போட்ட கணக்கு. உலோகத்தில்தான் உண்மை தெரியும். தம்பி விற்பனைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்க டெமோ பீஸ் வேணாம். என்னோட மெட்டீரியல், என்னோட டிராயிங், என்னோட கட்டர். அதுல ஓட்டிக் காட்டுங்க." ஒத்துக்கொண்டார்கள். ஒரு வியாழக்கிழமை மூன்று பேரும் போனோம். அண்ணன் முதலில் வர மாட்டேன் என்றார். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார்.

அங்கே நடந்ததை எழுதத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன்.

அதிர்வு இல்லாமல் ஒரு பீஸ், அதிர்வோடு ஒரு பீஸ் என்று ஓட்டினார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கூலன்ட் பீய்ச்சி அடிக்கிறது, எதுவும் தெரியவில்லை. அண்ணன் வழக்கம்போல் தலையைச் சாய்த்து நின்றார். பிறகு அந்த இளம் இன்ஜினியரிடம், "தம்பி, நான் திரும்பி நின்னுக்கறேன். நீங்க உங்க இஷ்டத்துக்கு அதைப் போடுங்க, நிறுத்துங்க. எங்கிட்ட சொல்லாதீங்க" என்றார்.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். இன்ஜினியர் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். "இப்ப ஓடுது" என்றார் அண்ணன். சரி. "நின்னுடுச்சு." சரி. "இன்னும் போடல. ம்... இப்ப போட்டுட்டீங்க." சரி. ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஒரு இடத்தில் மட்டும், "ஓடுது, ஆனா சரியில்ல. ஏதோ பிசகுது" என்றார். இன்ஜினியர் ஸ்க்ரீனைப் பார்த்தார். சுருதி நழுவியிருந்தது. கட்டரைக் கழற்றி மறுபடி இறுக்கினார்கள்.

20,000 ஆட்டம் மனிதக் காதின் மேல் எல்லை. இளம் வயதில்தான் அந்த எல்லை வரை கேட்கும். ஐம்பதைத் தாண்டினால் மேல்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு மூடிக்கொண்டே வரும். எனக்கு அதைவிட மோசம். ஆகவே அண்ணன் அந்த அதிர்வைக் கேட்கவில்லை. அந்த அதிர்வு வந்ததும் வெட்டுச் சத்தம் எப்படி மாறுகிறது என்பதைக் கேட்டார். அது நம் காதுக்குள் அடங்கும் சத்தம்தான். ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். திரும்பி வரும் வழியில் எப்படி என்று கேட்டேன். "கம்பளிய இழுக்கற மாதிரி இருந்தது, பட்ட இழுக்கற மாதிரி ஆச்சு சார்" என்றார். அன்றைக்கு என்னிடம் அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் கண்டுபிடித்துவிட்டார்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். அதிர்வோடு ஓட்டிய பீஸில் பிசிறு நன்றாகக் குறைந்திருந்தது. பெட்டியின் தரை சுத்தமாக இருந்தது. கட்டர் தேய்மானமும் குறைவுதான், ஆனால் புத்தகம் சொன்ன அளவில் பாதிகூட இல்லை. பக்கச் சுவரில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காகிதத்தில் போட்ட கணக்கும் கண்ணால் பார்த்ததும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

தம்பி வீட்டுப் பத்திரத்தை வைக்கவில்லை. அதற்குப் பதிலாக அண்ணன் சொன்னதைச் செய்தார். அண்ணன் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவை அவை. ஹோல்டருக்கு வெளியே கட்டர் நீட்டிக்கொண்டிருந்த நீளத்தைக் குறைத்தார்கள். நீளம் பாதியானால் வளைவு எட்டில் ஒன்றாகும், இதுவும் நம் பாடம்தான். டயல் வைத்துப் பார்த்து, கட்டர் மையம் விலகிச் சுற்றுகிற பழைய கோலட்டுகளைத் தூக்கிப் போட்டார்கள். கூலன்ட் பம்ப்பை மாற்றி, அழுத்தமாக நேரே நுனியில் அடிக்கும்படி வைத்தார்கள். முழு அகலத்துக்கு வெட்டாமல், கட்டர் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வளைந்து போகும்படி புரோகிராமை மாற்றினார்கள். ஒவ்வொரு பல்லும் கொஞ்ச நேரம் வெட்டும், அதிக நேரம் காற்றில் ஆறும். யோசித்துப் பாருங்கள், ஜப்பான்காரர் அதிர்வால் தேடிய இடைவெளியில் ஒரு பங்கு இப்படியே கிடைத்துவிடுகிறது.

பிராக்கெட் ஆர்டர் தப்பியது. மெல்லிய சுவர்ப் பெட்டி தப்பவில்லை. அதை இந்தக் கட்டமைப்பில் செய்ய முடியாது என்று நேர்மையாக எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மாதம் வருமானம் அடி வாங்கியது, சம்பளம் ஒரு வாரம் தாமதம். "வலிக்குது சார், ஆனா தூக்கம் வருது" என்றார். நாளைக்கு அதிக வீச்சுள்ள, முறுக்கும் சேர்ந்த ஹோல்டர் நியாயமான விலைக்கு வந்தால் வாங்குவார். என்ன கேட்க வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் சின்னப் பட்டறைக்காரர்கள் இருந்தால், எந்தப் புதிய கருவிக்கும் கடன் வாங்குவதற்கு முன், அளவு என்ன, அதை எப்படி அளந்தார்கள், எந்தத் திசையில், என் மெட்டீரியலில் ஓட்டிக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். சங்கடப்படாதீர்கள். நல்ல விற்பனைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். நம் பக்கத்திலேயே குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. இருக்கிறது. 1949இல் சி. ராஜம் என்பவர் ஆரம்பித்த கல்லூரி, அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். கிண்டியில் ஐ.ஐ.டி. இருக்கிறது. வாசலில் காவலாளியைப் பார்த்துப் பயந்து திரும்பாதீர்கள். பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பட்டறையில் நிஜமாக ஒடிந்த கட்டரைப் பார்க்க அவர்களிலும் ஆசைப்படுபவர்கள் இருப்பார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை டிப்ளமோ மெக்கானிக்கல் எடுக்கிறான் என்றால் முகம் சுளிக்காதீர்கள். தம்பியின் பட்டறைக்கு இந்த ஜூனில் இரண்டு பேர் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். ஒருத்தி முடிச்சூர்ப் பெண், ஒருவன் பம்மல் பையன். அண்ணன் அவர்களை ஸ்க்ரீனுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்து, கட்டர் எப்போது தேய்கிறது என்று காதால் சொல்லச் சொல்கிறார். பெண் இப்போதே பத்துக்கு ஆறு சரியாகச் சொல்கிறாளாம். பையன் மூன்று.

ஆசிரியராக இருக்கும் என் பழைய சகாக்களுக்கும் ஒன்று. அலைவுகள் பாடம் நடத்தும்போது "எதுக்கு சார்" என்று எவனாவது கேட்டால், இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். 20,000 அதிர்வெண், 10 மைக்ரான் முனையிலிருந்து முனை வரை, கட்டர் வேகம் நிமிடத்துக்கு 50 மீட்டர். கட்டர் விலகுமா, விலகாதா? பிள்ளைகள் போட்டு முடித்ததும், இதில் ஒருவருடைய வீட்டுப் பத்திரம் இருந்தது என்று சொல்லுங்கள்.

உங்களில் யாராவது மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள் இருந்தால், கட்டர் தேயும் சத்தத்தை உங்கள் பட்டறையில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கீழே எழுதுங்கள். அண்ணன் கேட்கச் சொன்னார். அவரிடம் இதுவரை பதினோரு பெயர் சேர்ந்திருக்கிறது.